மின்சாரம் போன வீட்டில் இணையத் தொலைபேசி: மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பின் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள்

செப்புக் கம்பியில் வந்த பழைய லேண்ட்லைன், பேச்சோடு சேர்த்துத் தான் இயங்குவதற்கான மின்சாரத்தையும் தொலைபேசி நிலையத்திலிருந்தே கொண்டுவந்தது. நிலையத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த பேட்டரிகள் 48 வோல்ட் டி.சி. மின்சாரத்தை ஒவ்வொரு வீட்டுக் கம்பிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன; அவற்றுக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அதனால் தெரு முழுவதும் இருளில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. இன்று வீட்டு இணைய இணைப்போடு சேர்த்துத் தரப்படும் லேண்ட்லைன் வேறு வகையைச் சேர்ந்தது. மோடத்தின் பின்புறம் உள்ள துளையில் தொலைபேசியைச் செருகுகிறோம். குரல் இணையத் தரவாக மாறி ஃபைபர் என்னும் கண்ணாடியிழையில் பயணம் செய்கிறது. கண்ணாடியிழை ஒளியைக் கடத்துமே தவிர, மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மோடத்துக்கு மின்சாரம் நின்ற கணத்தில் தொலைபேசியும் நின்றுவிடுகிறது. எண்பது வயதைக் கடந்த இதய நோயாளி ஒருவர் வசிக்கும் எங்கள் வீட்டில் இந்த மாற்றம் 2023 டிசம்பரில் என்ன விளைவை உண்டாக்கியது என்பதையும், அதன்பின் நாங்கள் என்னென்ன செய்துகொண்டோம் என்பதையும், இதே நிலையில் உள்ளவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் வேளச்சேரியை ஒட்டிய தாழ்வான பகுதியில், மூன்று மாடிக் குடியிருப்பில், இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குக் காது சற்று மந்தம்; விரல் நடுக்கத்தால் தொடுதிரை செல்பேசியில் எண்களை அழுத்துவது அவருக்கு இயலாது. பெரிய பொத்தான்கள் கொண்ட லேண்ட்லைன் கருவிதான் அவருடைய கட்டிலருகே இருக்கிறது. உறவினர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த எண் அது. செப்புக் கம்பி இணைப்பை நீக்கிவிட்டு இணையத்தோடு கூடிய புதிய இணைப்புக்கு மாறியபோதும், எண்ணும் கருவியும் பழையனவாகவே இருந்ததால், அவரைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. வயதானவர்கள் இருக்கும் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2023 டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கி 4ஆம் தேதி முழுவதும் மிக்ஜாம் புயல் சென்னைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் மெதுவாக நகர்ந்தபடி மழையைக் கொட்டியது. அது கரையைக் கடந்தது 5ஆம் தேதி, ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் சென்னையின் தென்பகுதிகளில் தண்ணீர் வடிவதற்கு அதற்குப் பிறகும் பல நாட்கள் ஆயின. சென்னை நகரின் பல பகுதிகளில் மின்சாரம் பூமிக்கடியில் செல்லும் கேபிள்கள் வழியாக வருகிறது. தெருமுனைகளில் நிற்கும் பில்லர் பெட்டிகளிலிருந்துதான் வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தப் பெட்டிகள் தண்ணீரில் மூழ்கும்போது, சாலையில் நடப்பவர்கள் மீது மின்சாரம் பாயாமல் இருப்பதற்காக விநியோகத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது சரியான நடவடிக்கை. உயிர்களைக் காப்பாற்றும் நடவடிக்கை. ஆனால் அதன் பொருள், தண்ணீர் வடிந்து பெட்டிகளைச் சோதிக்கும் வரை மின்சாரம் திரும்பாது என்பதுதான். வழக்கமான மின்தடையைப் போல இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் திட்டமிட்டால் போதாது.

மின்சாரம் நின்றபோது எங்கள் மோடம் அணையவில்லை. அதற்கென்றே ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்திருந்தோம், அது தன் கடமையைச் செய்தது. இன்வெர்ட்டரில் விளக்குகளும் மின்விசிறிகளும் இயங்கின. ஆனாலும் தொலைபேசியில் டயல் டோன் இல்லை. மோடத்தில் விளக்குகள் எரிகின்றன, இணையத்துக்கான விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. காரணம் கீழ்த்தளத்தில் இருந்தது. எங்கள் நிறுவனத்தின் ஃபைபர், குடியிருப்பின் வாகன நிறுத்தம் வரைதான் வந்தது. அங்கே மின் மீட்டர்களுக்குப் பக்கத்தில் சுவரில் பொருத்தப்பட்டிருந்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் கருவி இருந்தது; அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சாதாரண லேன் கேபிள் சென்றது. அந்தக் கருவி, குடியிருப்பின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்தில் இயங்கியது. மின்சாரம் போனதும் அது நின்றது. சில மணி நேரத்தில் இடுப்பளவு தண்ணீர் அந்தப் பெட்டியையும் எட்டியது. வீட்டுக்குள் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்திருந்தாலும் எங்கள் தொலைபேசிக்கு அது உதவியிருக்காது.

எதிர்வீட்டில் வேறு நிறுவனத்தின் இணைப்பு இருந்தது. அவர்களுக்குக் கண்ணாடியிழை நேரடியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. வெளியே கம்பத்திலோ சுவரிலோ அந்த இழை பல கிளைகளாகப் பிரியும் இடத்தில் இருப்பது வெறும் ஒளிப் பிரிப்பான். அதற்கு மின்சாரமே தேவையில்லை. நிறுவனத்தின் நிலையத்தில் உள்ள கருவிக்கு மின்சாரம் இருந்து, வீட்டு மோடத்துக்கும் மின்சாரம் இருந்தால், நடுவில் உள்ள தெருக்கள் அனைத்தும் இருளில் இருந்தாலும் இணைப்பு இயங்கும். அப்படித்தான் இயங்கியது. அவர்களுடைய மோடத்தை இன்வெர்ட்டரில் இணைத்திருந்தார்கள். அன்று இரவு முழுவதும் அவர்கள் வீட்டு லேண்ட்லைன் வேலை செய்தது. ஒரே கட்டடம், ஒரே வெள்ளம், ஒரே மின்தடை. இரண்டு வீடுகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, வழியில் மின்சாரத்தை எதிர்பார்க்கும் ஒரு பெட்டி மட்டுமே.

அந்த வேறுபாடு அன்றிரவு எங்களுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நள்ளிரவுக்கு மேல் அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியது. எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. இதயம் பலவீனமாக உள்ளவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய அறிகுறி என்று அவருடைய மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் செல்பேசிகளில் சிக்னல் இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மா, கேள்வி எதுவும் கேட்காமல், கருவியை எடுத்து நீட்டினார். மருத்துவர் எடுத்தார். நாடித் துடிப்பு, கால் வீக்கம், அன்று குடித்த தண்ணீரின் அளவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, வீட்டில் இருந்த மாத்திரைகளில் ஒன்றின் அளவை மாற்றச் சொன்னார். விடியும் வரை எந்த அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னார். அப்பாவின் நிலை மெல்லத் தேறியது. அந்த ஓர் அழைப்பு கிடைக்காமல் போயிருந்தால், இடுப்பளவு தண்ணீரில், இருட்டில், எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்போம். மறுநாள் பிற்பகலில் எதிர்வீட்டு மோடத்திலும் சிவப்பு விளக்கு எரிந்து, இணைப்பு நின்றது. அதற்குள் மிக நெருக்கடியான நேரம் கடந்திருந்தது.

செல்பேசி ஏன் கைவிட்டது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் லேண்ட்லைன் போனால் செல்பேசி இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் நாம் பெரும்பாலும் இருக்கிறோம். செல்பேசிக் கோபுரங்களில் பேட்டரி உண்டு. அது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதன்பின் ஜெனரேட்டர் இயங்க வேண்டும். ஜெனரேட்டர் தரையில் இருந்தால் மூழ்கும். உயரத்தில் இருந்தாலும் வெள்ளம் சூழ்ந்த தெருவுக்கு டீசல் கொண்டுசேர்ப்பது கடினம். வீட்டு இணையத்தை முடக்கிய அதே மின்தடையும் அதே வெள்ளமும் கோபுரத்தையும் முடக்குகின்றன. இரண்டு வழிகள் இருப்பதாக நாம் நினைப்பது பல சமயங்களில் ஒரே வழியின் இரண்டு கிளைகள்தான். மொட்டை மாடிக்குச் சென்றால் வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருந்த ஒருவருக்கு மெலிதாகச் சிக்னல் கிடைத்தது. அது தொலைவில் மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு கோபுரத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் முதலில் செய்த வேலை, எங்கள் தொலைபேசியின் பாதையைக் கண்டறிவதுதான். இணைப்பைச் சரிசெய்ய வந்த தொழில்நுட்பப் பணியாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டோம். எங்கள் வீட்டுக்குள் வருவது கண்ணாடியிழையா, லேன் கேபிளா? வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையில் மின்சாரத்தில் இயங்கும் கருவி எங்கெங்கே இருக்கிறது? அந்தக் கருவிகளுக்கு மின்சாரம் யார் தருகிறார்கள், அது நின்றால் மாற்று ஏற்பாடு என்ன? அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டால் இவற்றுக்கு எளிதில் பதில் கிடைப்பதில்லை. ஆனால் கம்பம் ஏறி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு பெட்டியும் தெரிந்திருக்கிறது. அவரிடம் பொறுமையாகக் கேட்டு, ஒரு தாளில் படமாக வரைந்து வைத்துக்கொண்டோம். இணைப்பு வாங்கும்போது வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் கேட்கும் நாம், இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். வயதானவர்களோ நோயாளிகளோ உள்ள வீட்டில் இவைதான் முதல் கேள்விகள்.

மோடத்தின் விளக்குகளைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் பயனுள்ளது. கண்ணாடியிழை நேரடியாக வரும் மோடங்களில் பெரும்பாலும் பி.ஓ.என். என்று ஒரு விளக்கும், எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கும் இருக்கும். முதலாவது பச்சையாக நிலைத்து எரிந்தால் நிலையத்தோடு தொடர்பு இருக்கிறது. மின்னிக்கொண்டிருந்தால் தொடர்புகொள்ள முயன்றுகொண்டிருக்கிறது. இரண்டாவது சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. அதாவது இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது நிலையத்துக் கருவி நின்றிருக்கிறது. அப்போது மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. பேட்டரியைச் சேமித்துக்கொண்டு வேறு வழியைத் தேட வேண்டும். தொலைபேசிக்கென்று தனி விளக்கு இருக்கும் மோடங்களும் உண்டு. இணையம் வேலை செய்து, தொலைபேசி விளக்கு மட்டும் அணைந்திருந்தால், எண் இன்னும் நிறுவனத்தின் அமைப்பில் பதிவாகவில்லை என்று பொருள். மோடம் புதிதாக எழுந்தபின் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், டயல் டோன் கேட்கவில்லை என்று உடனே பதற வேண்டியதில்லை.

அடுத்து, குடியிருப்போர் சங்கத்தில் பேசினோம். வாகன நிறுத்தத்தில் இருந்த பெட்டியை முதல் தளத்துப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு உயர்த்த வேண்டும், அதைப் பொது விளக்குகளுக்கான இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் வைத்தோம். சங்கம் ஒப்புக்கொண்டது, நிறுவனத்தின் பணியாளர்களும் ஒத்துழைத்தார்கள். அந்தச் சுவிட்ச் கருவி ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கிறது. பல வீடுகளின் தொலைபேசி அதை நம்பியிருக்கிறது. தாழ்வான பகுதிகளில் புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளில்கூட இந்தப் பெட்டிகளைத் தரைத்தளத்திலேயே பொருத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மீட்டர் பலகையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று யோசிக்கும் அதே கவனத்தோடு இதையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இன்னொரு படியும் எடுத்தோம். அப்பாவின் லேண்ட்லைனை, கண்ணாடியிழை நேரடியாக வீட்டுக்குள் வரும் இணைப்புக்கு மாற்றினோம். எதிர்வீட்டில் உள்ள நிறுவனத்தையே தேர்ந்தெடுக்காமல் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று நின்றாலும் மற்றொன்று இயங்கும் வாய்ப்பு இரு வீடுகளுக்கும் இருக்கட்டும் என்று அவர்களோடு கலந்து பேசியே முடிவுசெய்தோம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, மோடம் எந்த பிளக் பாயிண்டில் இருக்கிறது என்று பார்ப்பது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பொருத்தும்போது விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் மட்டுமே இணைப்புக் கொடுப்பது வழக்கம், டி.வி.க்கு அருகே உள்ள பிளக் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் மின்சாரம் வருவதில்லை. மோடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த ஒரு பாயிண்டுக்கு மட்டும் இன்வெர்ட்டர் லைனை இழுத்துக்கொள்வது சிறிய வேலை. மோடம் தனியாகவும் வைஃபை ரூட்டர் தனியாகவும் இருக்கும் வீடுகளில் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் சாதாரண நிலை, யு.பி.எஸ். நிலை என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். சாதாரண நிலையில், மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளியில் மோடம் அணைந்து மீண்டும் எழும். பேசிக்கொண்டிருந்த அழைப்பு அறுந்துவிடும். யு.பி.எஸ். நிலையில் அந்த இடைவெளி மோடம் உணராத அளவுக்குக் குறையும்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம், ஏனெனில் ஊகம் இங்கே பெரும்பாலும் தவறுகிறது. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது; ஒரு வாட் எடுக்கும் கருவியை ஒரு மணி நேரம் இயக்கும் மின்சாரம்தான் ஒரு வாட்-மணி. பேட்டரியை முழுவதும் வற்றவிடக் கூடாது என்பதாலும், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவதில் ஏற்படும் இழப்பாலும், 1,000 வாட்-மணியை எதிர்பார்ப்பது நியாயமாக இருக்கும். இரண்டு பழைய மின்விசிறிகளும் சில விளக்குகளும் சேர்ந்து 200 வாட் எடுத்தால் 5 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவற்றோடு தொலைபேசியும் முடியும். மோடம் எடுப்பது சுமார் 10 வாட் மட்டுமே. அப்படியானால் மோடத்தை மட்டும் இயக்கினால் 100 மணி நேரம் கிடைக்குமா என்றால், கிடைக்காது. இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்கே மோடத்துக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ மின்சாரத்தைச் செலவிடுகிறது. பாதியோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். ஆனாலும் அது ஒரு முழு நாளைத் தாண்டும் நேரம். ஆகவே நீண்ட மின்தடை என்று தெரிந்தவுடன் மின்விசிறிகளை நிறுத்திவிடுவது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்து வைத்திருக்கிறோம். டிசம்பர் மழையில் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியும்.

மோடத்துக்கென்று விற்கப்படும் சிறிய டி.சி. யு.பி.எஸ். இந்த இழப்பைத் தவிர்க்கிறது, ஏனெனில் அது 12 வோல்ட்டை நேரடியாகத் தருகிறது. வாங்கும்போது மோடத்தின் அடாப்டரில் எழுதப்பட்டுள்ள வோல்ட்டேஜும் ஆம்பியர் அளவும், பின்னின் அளவும், அதன் நடுப்பகுதி நேர்முனையா என்பதும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மீது பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) அளவைப் பார்த்து மயங்கக் கூடாது. அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கான கணக்கு. 10,000 எம்.ஏ.எச். என்பது 37 வாட்-மணி. இழப்பு போக 30 என்று வைத்துக்கொண்டால், 10 வாட் மோடத்துக்கு 3 மணி நேரம். கைவசம் பவர் பேங்க் இருந்தால், 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்தும் யு.எஸ்.பி. கேபிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதன் மூலம் இன்னும் சில மணி நேரத்தைச் சேர்க்கலாம். எல்லா மோடத்துக்கும் எல்லா பவர் பேங்கும் ஒத்துப்போவதில்லை. மழைக்காலத்துக்கு முன்பே இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பேட்டரி குறையும்போது தொலைபேசியை நாள் முழுவதும் விழிப்பில் வைத்திருப்பதைவிட, நேரம் குறித்து இயக்குவது நல்லது. காலை ஏழரை மணி, பிற்பகல் ஒரு மணி, இரவு எட்டு மணி ஆகிய வேளைகளில் அரை மணி நேரம் மோடத்தைப் போடுவோம் என்று உறவினர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவர்கள் அந்த நேரத்தில் அழைப்பார்கள். இடையில் நமக்கு அவசரம் நேர்ந்தால் மோடத்தைப் போட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து அழைக்கலாம். தொடர்பு கிடைக்காத உறவினர்கள் தொடர்ந்து அழைத்துத் தவிப்பதும் இதனால் குறைகிறது. மிக்ஜாம் நாட்களில் வெளியூரில் இருந்த என் தங்கை பட்ட பாட்டுக்குப் பிறகு இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

கருவியைப் பற்றி ஒரு சொல். கார்ட்லெஸ் தொலைபேசியின் அடிப்பெட்டிக்குத் தனி மின்சாரம் தேவை. மோடம் இயங்கினாலும் அது இயங்காது. சுருள் கம்பியோடு கூடிய சாதாரணக் கருவிக்கு மோடம் தரும் மின்சாரமே போதும். ஆகவே அத்தகைய கருவி ஒன்றை வீட்டில் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

செல்பேசியை இதற்குத் துணையாக வைத்துக்கொள்ளும் முறையையும் மாற்றினோம். வீட்டில் உள்ளவர்களின் சிம்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஒரு பொத்தான் செல்பேசியை வாங்கி, அதில் ஒரு சிம்மைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒருமுறை சார்ஜ் செய்தால் அது நாட்கணக்கில் தாங்கும். வைஃபை வழியாகச் செல்பேசி அழைப்பு செய்யும் வசதி இந்தியாவில் 2019 இறுதியிலிருந்து கிடைக்கிறது. கோபுரம் நின்று, வீட்டு ஃபைபர் மட்டும் இயங்கும் நேரத்தில், அதே செல்பேசி எண்ணிலிருந்தே பேச இது உதவும். ஆனால் செல்பேசியின் அமைப்புகளில் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். நெருக்கடியின்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. பேரிடர் காலத்தில் சில முறை அரசு உத்தரவின்படி ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்ற நிறுவனத்தின் கோபுரத்தையும் பயன்படுத்திக்கொள்ள வழி செய்யப்படுகிறது. அப்படி அறிவிப்பு வந்தால், செல்பேசியில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கு நிலையில் விட்டுவைக்க வேண்டும், அல்லது பட்டியலில் இருந்து கிடைக்கும் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை வெள்ளத்துக்குப் பொருந்தும். காற்றுக்குப் பொருந்தா. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. தெருவின் குறுக்கே கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, மரத்திலிருந்து மரத்துக்கு இழுக்கப்பட்டிருந்த ஃபைபர் கேபிள்கள் அறுந்தன. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. வெள்ளத்தில் தலைக்கு மேல் செல்லும் இழை பிழைத்துக்கொள்கிறது, மின்சாரம்தான் போகிறது. புயற்காற்றில் இரண்டும் சேர்ந்தே போகின்றன. முன்னதற்கு வீட்டில் உள்ள பேட்டரி மருந்தாகும்; பின்னதற்கு ஆகாது. ஆகவே கடலோர மாவட்டங்களில் வசிப்பவர்கள் வீட்டு இணையத் தொலைபேசியை இரண்டாவது வழியாகவே கருத வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன், காற்று தொடங்கும் முன்பே, மருத்துவரோடும் உறவினரோடும் பேச வேண்டியவற்றைப் பேசி முடித்துவிட வேண்டும். நோயாளியை இடம் மாற்றுவதா என்ற முடிவையும் அப்போதே எடுப்பது நல்லது.

பழைய செப்புக் கம்பியை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்பேசிகள் செயலிழந்தபோது எங்கள் லேண்ட்லைன் பேசியது. தெருவில் பலர் வந்து பேசினார்கள். ஆனால் அதே செப்புக் கம்பி, பூமிக்கடியில் உள்ள இணைப்புகளில் ஈரம் புகுந்தால் இரைச்சலாகி, பிறகு வாரக்கணக்கில் ஊமையாகிக் கிடந்த மழைக்காலங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. அது திரும்பி வரப்போவதும் இல்லை. பிரிட்டனிலும் செப்புக் கம்பித் தொலைபேசியை 2027 ஜனவரிக்குள் முற்றிலும் நிறுத்துகிறார்கள். அங்கே 2021 நவம்பரில் ஆர்வென் புயலால் நீண்ட மின்தடை ஏற்பட்டு, அதன்பின் எழுந்த கவலைகளால் பி.டி. என்ற தொலைபேசி நிறுவனம் 2022இல் இந்த மாற்றத்தைச் சில காலம் நிறுத்தியே வைத்தது. மின்தடையின்போது லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி தர வேண்டும் என்று அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அமெரிக்காவில் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள நிறுவனங்கள் வாய்ப்புத் தர வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. பின்னர் அது 24 மணி நேரம் தாங்கும் ஏற்பாட்டுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு மணி நேரம் மிகக் குறைவு என்பது என் கருத்து. மிக்ஜாமைப் பார்த்தவர்கள் யாரும் அதை ஏற்கமாட்டார்கள். எங்கள் இணைப்புக்கான ஒப்பந்தத்தாளில் பேட்டரி பற்றி ஒரு வரிகூட இல்லை. குறைந்தபட்சம், மின்சாரம் நின்றால் இந்தத் தொலைபேசி இயங்காது என்ற ஒரு வாக்கியத்தையாவது தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

அழைப்பு கிடைத்த பின் பேசும் முறையும் முக்கியம். இணையத் தொலைபேசியில் அழைப்பு எந்தக் கணத்திலும் அறுந்துபோகலாம். ஆகவே 108க்கோ 112க்கோ அழைத்தால், நோயை விவரிக்கும் முன் முகவரியைச் சொல்ல வேண்டும்: தெரு, அருகில் உள்ள அடையாளம், எந்தத் தளம், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்தப் பக்கமிருந்து வாகனம் வர முடியும். சில நிறுவனங்கள் வீட்டு எண்ணைச் செல்பேசிச் செயலி வழியாக வெளியூரிலிருந்தும் பயன்படுத்த அனுமதிக்கின்றன. அப்படி வெளியூரில் இருக்கும்போது அந்த எண்ணிலிருந்து அவசர எண்ணை அழைக்காமல், நேரடியாகச் செல்பேசி எண்ணிலிருந்தே அழைப்பது நல்லது, ஏனெனில் வீட்டு எண் வீட்டு முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்துக்கான 1077, சென்னை மாநகராட்சியின் 1913, மின் புகாருக்கான 94987 94987 ஆகியவற்றோடு, மருத்துவர், மருந்துக் கடை, இரண்டு உறவினர்கள் ஆகியோரின் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். செல்பேசி அணைந்தால் அதற்குள் இருக்கும் எண்களும் சேர்ந்தே போய்விடுகின்றன.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் இருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் அப்போதும் வீட்டு வயரிங்கில் உயிருள்ள மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். தரைத்தளத்தில் இருப்பவர்கள், தண்ணீர் பிளக் பாயிண்டுகளை நெருங்கும் முன்பே, உலர்ந்த தரையில் நின்று, மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். அதன்பின் தொலைபேசிக்கு டி.சி. யு.பி.எஸ். அல்லது பவர் பேங்க் மட்டுமே வழி. அதையும் மோடத்தையும் உயரமான அலமாரிக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் பேட்டரியையே தரையில் வைக்காமல், உறுதியான உயர மேடையில் வைப்பது தாழ்வான பகுதிகளுக்கு ஏற்றது. மின்சாரம் திரும்பும்போது வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் என்பதால், மோடத்தின் அடாப்டரைச் சிறிது நேரம் கழித்துச் செருகுவது நல்லது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒரு மாலையில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறோம். அவசர எண்களைச் சோதனைக்காக அழைப்பது முறையல்ல. எதிர்வீட்டுக்கு அழைத்துப் பேசுவோம், அவர்களும் திரும்ப அழைப்பார்கள். அன்றே குடியிருப்பின் பொது மின்சாரத்தையும் சில நிமிடங்கள் நிறுத்தி, படிக்கட்டுப் பெட்டி இன்வெர்ட்டருக்கு மாறுகிறதா என்று சங்கத்தினர் பார்ப்பார்கள். கடந்த முறை சோதித்தபோது எங்கள் டி.சி. யு.பி.எஸ். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நின்றது. லித்தியம் செல்கள் எப்போதும் மின்சாரத்திலேயே செருகிக் கிடந்ததில் தேய்ந்திருந்தன. புதியது வாங்கி, வாங்கிய மாதத்தை அதன் மீது எழுதி ஒட்டினோம். அப்பாவுக்கும் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், சுவரில் உள்ள தாளைப் பார்த்து எண்ணை அழுத்திப் பழக்கம் கொடுக்கிறோம். நாங்கள் யாரும் அருகில் இல்லாத நேரத்திலும் அவரால் எதிர்வீட்டை அழைக்க முடிகிறது.